மாரடைப்பும் மணிக்கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மருத்துவக் கட்டுரை என்றால் 'மருந்து' அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்து முகப்பில் வைத்துத் தொடங்குவது நம் கல்லூரி மலரின் மரபு. தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் இம்முறை என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் தொடங்க வேண்டியது ஒரு கோலி சோடாவில்.

எங்கள் ஊர் அழகர்கோவிலை ஒட்டிய சிற்றூர். மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். என் பெரியப்பா கோவிலுக்குப் போகும் வழியில் தேங்காய், பழம், சூடம் விற்கும் கடை வைத்திருப்பவர். ஆடிப் பௌர்ணமித் தேருக்கு ஆண்டுதோறும் வடம் பிடித்தவர். நூபுர கங்கைக்கு வேனில் போகிறவர்களைக் கண்டால், "காலு எதுக்கய்யா குடுத்திருக்கான் அழகரு?" என்று கேட்டுச் சிரிப்பார். மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பிட்டுக் கைகழுவி வந்தவருக்கு நெஞ்சின் நடுவே யாரோ அம்மிக்கல்லை வைத்தது போல ஒரு பாரம். அது இடது தோளுக்கு ஏறியது. சட்டை நனையும்படி வியர்த்தது.

"வாயுதான்" என்றார் அவரே. எனக்குக் காசு கொடுத்துச் சோடா வாங்கி வரச் சொன்னார். ஓடிப்போய் வாங்கி வந்தேன். குடித்ததும் பெரிதாக ஏப்பம் வந்தது. "பாத்தியா, சொன்னேன்ல" என்றார். எல்லோரும் நிம்மதியடைந்தோம். வலி நிற்கவில்லை. ஓமத்திரவம் வந்தது. பெரியம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி நெஞ்சில் தேய்த்துவிட்டார். மூன்று மணிக்கு முகம் வெளுத்துவிட்டதைக் கண்டு கார் பேசினோம். அப்போது அப்பத்தா, "ராகு காலம் கழியட்டும்டா, இம்புட்டு நேரம் பொறுத்தாச்சு" என்றார். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. நாலரைக்குத்தான் கார் நகர்ந்தது. வழியில் ஒரு மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடமும் நிற்காதீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படியேறும்போது மணி ஆறு.

இருபது கிலோமீட்டரைக் கடக்க நாலரை மணி நேரம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மண்டகப்படி தவறாமல் நின்று நின்று மதுரைக்குப் போவார். நாங்களும் சோடா, ஓமம், எண்ணெய், ராகு காலம் என்று மண்டகப்படி தவறாமல் நின்றுதான் போயிருக்கிறோம். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. அது மீண்டும் முளைக்காது என்று மருத்துவர் சொன்னார். இன்று கடையில் தேங்காய் மூட்டையைத் தூக்குவது பெரியம்மாதான்.

அன்று நான் கல்லூரியில் சேரத் தகுதி பெற்றிருந்த மாணவன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சோடா வாங்க ஓடியவனும் நான்தான். அதற்குப் பிறகு, கிடைத்த நூல்களிலும் ஏடுகளிலும் இந்த நோயின் ஆராய்ச்சி வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விலங்கியல் துறை நண்பர் ஒருவர், "வரலாற்று மாணவனுக்கு இருதயம் எதற்கு?" என்று கேலி செய்தார். படித்த பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து அவருக்கு எதிரானது. இந்த ஆராய்ச்சியில் எஞ்சியிருக்கும் ஒரு பெரும் பகுதி மருத்துவக் கல்லூரிகளைவிட நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகளுக்கே உரியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

முதலில் மேனாட்டார் கண்டறிந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் உண்டு. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை பட்டினி கிடந்து சாகத் தொடங்குகிறது. 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இவ்வடைப்பு நேர்ந்தால் உடனே மரணம்தான் என்ற நம்பிக்கையை மறுத்து, ஆள் பிழைத்திருக்கவும் கூடும் என்று எழுதினார். அப்போது அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. உறைகட்டி நோய்க்குக் காரணமா, நோயால் விளைந்ததா என்ற வழக்கு அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. 1980இல் மார்க்கஸ் டிவுட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நாளங்களைப் படம் எடுத்துப் பார்த்தனர். வலி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு நாளம் முழுவதும் அடைத்திருந்தது. வழக்கு முடிந்தது.

நம் மொழியில் இந்நோயின் பெயரே மாரடைப்பு. 'அடைப்பு' என்பதை நம் பாட்டிமார் வெகுநாளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். உடனே, மேனாட்டார் கண்டதையெல்லாம் நாம் முன்பே கண்டோம் என்று மேடையேறுவோர் கட்சியில் நான் சேரவில்லை. பெயர் வைத்தோம், அவ்வளவுதான். அடைப்பைத் திறக்க நாம் வைத்திருந்தது சோடா.

நாளங்களை அப்படிப் படமெடுக்க முதலில் ஒருவர் இருதயத்துக்குள் குழாயை நுழைத்துப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கதை ஒரு சிறுகதைக்குச் சமம். 1929இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரின் மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், கை நரம்பின் வழியே மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்த முடியும் என்று நம்பினார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. ஒரு செவிலியர் தம் உடலிலேயே சோதித்துக்கொள்ள முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் தம் கையிலேயே குழாயை ஏற்றிக்கொண்டார்! பிறகு அந்தக் குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு உடனே கிடைத்தது பாராட்டல்ல, கண்டனம். அத்துறையை விட்டே விலகிச் சிறுநீரக மருத்துவரானார். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1977இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருண்ட்சிக் குழாயின் நுனியில் சிறு பலூனை வைத்து அடைப்பை விரித்தார். 1986இல் அதே முறை சென்னையில் மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் கையால் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1975இல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்திருந்தார். ஆக, கத்தியும் குழாயும் நம் மாநிலத்துக்கு வந்து நெடுநாள் ஆகிறது.

ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது குழாயைவிட ஊசி. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆற்றல் உண்டு என்று 1933இல் வில்லியம் டில்லெட் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஏழைக் குழந்தைகளின் இருதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலுக்கு மூலமான கிருமிக் குடும்பமே அது. கெடுத்த குடும்பத்திலிருந்தே மருந்து! 1986இல் இத்தாலி நாட்டில் 11,806 நோயாளிகளைக் கொண்டு இந்த மருந்தைச் சோதித்தார்கள். வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களிடம் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மூன்று மணி வரை வந்தவர்களுக்குப் பயன் குறைவு. ஆறு மணிக்குப் பின் வந்தவர்களிடம் பயனே தென்படவில்லை. பின்னாளைய ஆய்வுகள் பன்னிரண்டு மணி வரை ஓரளவு பயன் உண்டு என்று காட்டின. இருந்தாலும் சரிவு சரிவுதான். அந்த அட்டவணையை நான் முதலில் படித்த இரவு, ஒன்றரை முதல் ஆறு வரை விரல்விட்டு எண்ணினேன். சோடாவுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, ராகு காலத்துக்கு எவ்வளவு என்று எண்ணினேன். அதற்கு மேல் அன்று படிக்கவில்லை.

ராகு காலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் 17,187 நோயாளிகளுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸையும், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தனர். இரண்டையும் பெற்றவர்களிடம் இறப்பு நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஆஸ்பிரின் தனியாகவே நூற்றுக்கு 23 பங்கைக் குறைத்தது. கட்டுரையை வெளியிட்ட மருத்துவ ஏடு, எந்தெந்தப் பிரிவினருக்கு எவ்வளவு பயன் என்று பிரித்துக் காட்டுமாறு கேட்டதாம். ஆய்வாளர்கள் குறும்பாக நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்! மேனாட்டுக் கணக்குப்படி மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் சற்றே தீங்கு செய்தது போல் தோன்றியது. எண்ணிக்கையைச் சிறு சிறு கூறாக நறுக்கினால் எந்தப் பொய்யும் கிடைக்கும் என்பதை விளக்கவே அவர்கள் அப்படிச் செய்தனர். புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் ஆசிரியரிடம் கேட்டு மகிழலாம். நான் அப்பத்தாவிடம் சொன்னேன். "பெரியப்பன் மிதுன ராசி இல்லடா, மகர ராசி" என்றார் அவர். அவர் கவலை அவருக்கு.

நோய் ஏன் வருகிறது என்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. 2004இல் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு, ஒன்பது காரணங்களைக் கொண்டே உலகின் மாரடைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறை விளக்கிவிடலாம் என்று காட்டியது. புகையும் இரத்தக் கொழுப்பின் சீர்கேடும் அவற்றில் முதலிரண்டு. நம் பகுதி நாடுகளில் முதல் மாரடைப்பு ஏறக்குறைய 53 வயதிலும், மற்ற இடங்களில் ஏறக்குறைய 59 வயதிலும் வருகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. 'கோவில் தோசையும் கிடாக்கறியும்தான் காரணம்' என்று எங்கள் ஊரில் பெரியப்பாவைக் குறை சொன்னவர்கள் உண்டு. நெய்யில் வேகும் அழகர்கோவில் தோசையை அவர் தின்றது ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ. பீடி நாளுக்கு ஒரு கட்டு. தோசை மீது வழக்குப் போடுவது அநியாயம்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு நம்மில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தமே. பலூன் சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனைகள் நகரங்களில் இருக்கின்றன. நோயாளி கிராமத்தில் இருக்கிறான். அவனை நேராக நகரத்துக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் போய்விடுகிறது. எனவே அருகில் உள்ள சிறிய மருத்துவமனையில் உடனே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, அதன் பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் எடுத்தால் என்ன? சக்கரத்தின் குடமும் ஆரங்களும் போல மருத்துவமனைகளை இணைத்து, 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தனர். 2017இல் முடிவு வெளியானது. முன்பு நூற்றுக்கு 35 பேருக்கே ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டது. ஏற்பாட்டுக்குப் பின் ஏறக்குறைய 61 பேருக்கு எடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். 3.4 விழுக்காடு என்பது தேர்வில் யாரும் கண்டுகொள்ளாத மதிப்பெண். ஆயிரம் குடும்பங்களில் முப்பத்து நான்கு குடும்பங்களுக்கு அது ஓர் ஆள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர், மாரடைப்பு என்று கருதப்பட்டால், மேலிடத்துக்கு அனுப்பப்படுவதற்கு முன்பே அங்கேயே 14 மாத்திரைகளைப் பெறுகிறார். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அடோர்வாஸ்டேட்டின் எட்டு. (இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாக எண்ணி விழுங்க வேண்டாம். வயிற்றில் இரத்தக் கசிவு உள்ளவருக்கு இதுவே ஆபத்தாகும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பார்த்து முடிவு செய்வது மருத்துவப் பணியாளரின் வேலை.) எங்கள் ஊருக்கு அண்மையிலேயே ஒரு சுகாதார நிலையம் உண்டு. சைக்கிளில் பத்து நிமிடம். அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த நிலையத்தின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகு ஓடும் கடிகாரத்தை ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறையச் சீர் செய்துவிட்டார்கள். வீட்டுத் திண்ணையில் ஓடும் கடிகாரத்தை யார் பார்ப்பது? அதை இரத்தப் பரிசோதனையால் பார்க்க முடியாது. அது மொழியிலும், வழக்கத்திலும், கூச்சத்திலும், கையில் காசு இல்லாமையிலும் ஓடுகிறது. எங்கள் தெருவில் இந்த வலிக்கு எத்தனை பெயர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வாயு, வாயுப்பிடிப்பு, சூட்டு வலி, நெஞ்சு கரிப்பு, சுளுக்கு, செரியாமை. மாரடைப்பு என்ற பெயரை ஒருவரும் தம் வலிக்குச் சொல்லவில்லை. அது மற்றவருக்கு வருவது. பட்டினத்துப் பணக்காரருக்கு வருவது.

இதில் நம் திரைப்படங்களுக்கும் பங்குண்டு என்பது என் துணிபு. மகள் ஓடிப்போன கடிதத்தைப் படித்த தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பா விழவில்லை. உருளவில்லை. தாமே எழுந்து நடந்து காரில் ஏறினார். நடந்து வருகிறவருக்கு மாரடைப்பு என்று யார் நம்புவார்? பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் குமட்டலுமே முன்னிற்பதுண்டு. களைப்பாக இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், காபி போட்டுக் குடி என்போம்.

அப்பத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. கார் வாடகைக்குப் பெரியம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்ததும் அதே ராகு காலத்தில்தான். வாயுவாக இருந்துவிட்டால் அந்தப் பணம் வீண் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. 108 இலவசம் என்பதும் எங்களுக்குத் தெரியும். விபத்துக்கும் பிரசவத்துக்கும் அதை அழைப்போம். 'வாயு'வுக்கு ஆம்புலன்ஸை அழைத்தால் ஊர் சிரிக்குமே! இந்தச் சிரிப்புக்கு அஞ்சியே எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று எந்த மருத்துவ நூலிலும் நான் காணவில்லை.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் 5,209 பேரைப் பதிவு செய்து, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் புகையும் குற்றவாளிகள் என்று உலகம் அறிந்ததில் அந்த ஊர் மக்களின் பொறுமைக்குப் பெரும் பங்குண்டு. நம் வேலூர் மருத்துவக் கல்லூரியாரும் கே. வி. குப்பம் வட்டாரக் கிராமங்களை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை நோய் பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிவந்ததை அப்படித்தான் கண்டார்கள். நமக்கு அவ்வளவு பெரிய முயற்சி வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறோம். கோவில் குளம் தூர் வாருகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அடுத்த முகாமில் ஒரு நாளை எனக்குத் தாருங்கள். நெஞ்சுவலி கண்ட வீடுகளுக்குப் போவோம். முதலில் என்ன பெயர் சொன்னீர்கள், யார் முடிவெடுத்தார்கள், என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்போம். சொற்களைத் தமிழ்த்துறை தொகுக்கட்டும். செலவையும் கடனையும் பொருளியல் துறை கணக்கிடட்டும். எண்களைப் புள்ளியியல் துறை பார்க்கட்டும், ராசிவாரியாகப் பிரிக்காமல்! இந்த வேலைக்கு ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை. திண்ணையில் உட்காரத் தெரிந்தால் போதும். முதல்வர் அவர்களுக்கும் திட்ட அலுவலர் அவர்களுக்கும் இதனை எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் பக்கத்துக் கடைக்காரருக்கு நெஞ்சு அடைக்கிறது என்றார். அவர் மகன் வழக்கம்போல் சோடாவுக்கு ஓடினான். பெரியப்பா முக்காலியை விட்டு எழாமலே, "சோடாவக் கீழ வையிடா! நூத்தியெட்டுக்குப் போன் போடு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். வண்டி வந்தது, போனது. இ.சி.ஜி. எடுத்தார்கள். படுக்கவைத்துச் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தார்கள். இரத்தமும் பார்த்தார்கள். இருதயத்தில் ஒன்றுமில்லை, வாயுதான் என்று இரவு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கடைவீதியில் ஒரே சிரிப்பு. பெரியப்பாவும் சிரித்தார். கல்லாவிலிருந்து காசை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போயி ஒரு சோடா வாங்கிட்டு வாடா தம்பி. அவனுக்கு இப்பக் குடுக்கலாம்."